முதுகின் மேல் போட்ட பழி

ஜனவரி 9, செவ்வாய்

இன்று காய்கறிக் கடையில் அவமானம். ஐந்து கிலோ உருளைக்கிழங்குப் பையை எடுக்கக் கை நீட்டினேன். கடைக்காரப் பெண் அதை வெடுக்கென்று இழுத்து என் மனைவி ஸ்னெஜானாவிடம் கொடுத்துவிட்டாள். "வேணாம் சார், உங்களுக்கு முதுகு" என்றாள். முதுகு எல்லோருக்கும்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தெருவில் முதுகு என்று சொன்னால் அது என்னுடையதுதான். என் பெயர் தெரியாதவர்களுக்கும் அதைத் தெரியும்.

வீடு திரும்பிய ஊர்வலம் இப்படி: முன்னால் என் மனைவி, இரண்டு கையிலும் பை, கக்கத்தில் ரொட்டி. பின்னால் நான், ஒரு கட்டு பார்ஸ்லிக் கீரையுடன். அதையும் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், சும்மா வருகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே.

குளியலறைக் கண்ணாடியில் சட்டையில்லாமல் நின்று பார்த்தேன். ஐம்பத்தொரு வயது. தோள்கள் கீழ்நோக்கியும் வயிறு முன்நோக்கியும் போவதென்று எப்போதோ முடிவெடுத்துவிட்டன. கைகள் வெந்த வெங்காயத்தாள் போல இருக்கின்றன. பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து அடுத்தவர்களுக்குப் பல் செட் செய்து தருகிற உடம்பு வேறெப்படி இருக்கும்?

முடிவு: உடம்பைக் கட்டாக்க வேண்டும். கோடைக்குள்.

(இதை எழுதும்போது இரண்டாவது துண்டு பனிட்சா சாப்பிடுகிறேன். சீஸ் வைத்த அடை வீணாகக் கூடாது.)

ஜனவரி 11, வியாழன்

முதுகின் வரலாற்றை ஒரு முறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். வெளியே சொல்லும்போது கொஞ்சம் வீரம் சேர்ந்துவிடுகிறது.

2016 அக்டோபர். மேல் வீட்டு கமென் பழைய வார்ப்பிரும்பு அடுப்பைக் கீழே இறக்க உதவி கேட்டான். லிஃப்ட் இல்லாத கட்டடம். "பட்டை போட்டுத் தூக்கலாம், இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்றான். நான்தான், "ரெண்டு பேர் எதுக்கு? நீ என்ன கிழவனா?" என்றேன். அப்போது கீழ் வீட்டில் புதிதாக வந்திருந்த இரண்டு பெண்கள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை ஸ்னெஜானாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் என் இடுப்புக்குள் ஒரு சத்தம். ஈரத் துணியைக் கிழித்ததுபோல. பிறகு படியில் படுத்துக்கொண்டு கூரையையே பார்த்தது நினைவிருக்கிறது. தண்டுவட வட்டு பிதுங்கிவிட்டது. நான்கு மாதம் படுக்கை. ஸ்னெஜானாதான் திருப்பிப் போட்டாள், காலுறை மாட்டினாள், எல்லாம் செய்தாள்.

அந்தப் பெண்கள் அடுத்த மாதமே வீடு மாறிவிட்டார்கள்.

ஜனவரி 12, வெள்ளி

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். தபால் நிலையத்துக்குப் பின்னால், நிலவறையில் இருக்கிறது. பயிற்சி தருபவள் பெயர் ஸோரா. இருபத்தாறு வயது, முன்பு எடை தூக்கும் வீராங்கனையாம். கழுத்தும் தலையும் ஒரே அகலம்.

"எதுக்கு வந்திருக்கீங்கண்ணே?"

"உடம்பைக் கொஞ்சம் கட்டா ஆக்கணும்."

"எந்த இடத்துல?"

"வெளியில தெரியிற இடத்துல எல்லாம்."

அவள் சிரிக்கவில்லை. படிவத்தில் 'பழைய காயங்கள்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொன்னேன்.

"டாக்டர் கடைசியா என்ன சொன்னாரு? காகிதம் ஏதாவது இருக்கா? அதப் பாக்காம உங்கள ஒரு குச்சியக்கூடத் தூக்க விட மாட்டேன்."

காகிதம் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

ஜனவரி 13, சனி

ஸ்னெஜானா வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் டிராலி பஸ் ஓட்டுகிறாள், இன்று காலை ஷிஃப்ட். என் மேசையின் அடி இழுப்பறையில், பழைய பல் அச்சுகளுக்குக் கீழே இருந்த காகிதத்தை எடுத்தேன்.

தேதி: 2019 மார்ச் 6. 'முழுமையாகக் குணமாகிவிட்டது. எல்லா வேலைகளும் செய்யலாம். படிப்படியாக எடை தூக்கிப் பழகுவது அவசியம்.' அவசியம் என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு.

ஐந்து வருடம் ஆகப் போகிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன். ஸ்னெஜானா அடுப்பில் போடும் மரத்தூள் உருண்டை மூட்டையைத் தோளில் வைத்து ஏறிக்கொண்டிருந்தாள், பதினைந்து கிலோ. மூன்றாவது மாடியில் அதை இறக்கிவைத்துவிட்டு, மூச்சு வாங்க, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள். "ஜாக்கிரதையா இருக்கச் சொன்னார்" என்றேன்.

பொய்யில்லை! நான் கிளம்பும்போது டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வாசப்படியில பனி கட்டியிருக்கு, ஜாக்கிரதையா போங்க" என்று சொன்னார். என் சொந்தக் காதால் கேட்டேன்.

முதல் மாதம் பயம்தான், சத்தியமாக. அந்தச் சத்தம் மறுபடி கேட்டுவிடுமோ என்று. பிறகு பழகிவிட்டது. பிறகு — வசதியாக இருந்தது என்பதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை. நடுவில் இந்த வீட்டில் எத்தனையோ சுமைகள் ஏறின, இறங்கின. எல்லாவற்றையும் எழுத வேண்டாம்.

ஜனவரி 16, செவ்வாய்

முதல் வகுப்பு. ஸோரா காகிதத்தைப் படித்தாள், தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அஞ்சு வருஷம் கழிச்சு அவசியம் வந்துருச்சா?" என்றாள். நான் இருமினேன்.

சுற்றிலும் பையன்கள் இரும்பை உருட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கொடுத்தது ஒரு துடைப்பக் கட்டை. அதை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். "இடுப்பு மடங்கணும், முதுகு மடங்கக் கூடாது. கை ரெண்டுலயும் சாமான், கார் கதவைப் பின்பக்கத்தால தள்ளி மூடுற மாதிரி நெனச்சுக்கோங்க." எனக்குக் கார் இல்லை. கை நிறையச் சாமான் தூக்கிய அனுபவமும் இல்லை. கற்பனையில் ஸ்னெஜானாவை நினைத்துக்கொண்டு தள்ளினேன். சரியாக வந்துவிட்டது.

பிறகு மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் மேலே தூக்கி மாற்றி மாற்றி நீட்டும் பயிற்சி. 'செத்த வண்டு' என்று பெயராம். எந்த வண்டும் சாவதற்கு இவ்வளவு பாடுபட்டிருக்காது. எட்டு முறை செய்ததும் உத்தரத்தைப் பார்த்தபடி அப்படியே கிடந்தேன். பக்கத்தில் ஒரு பையன் தரையில் கிடந்த நூறு கிலோ இரும்பைத் தாண்டிக்கொண்டு போனான். என்னையும் சேர்த்துத் தாண்டினான்.

ஜனவரி 17, புதன்

தும்மினேன். வயிற்றில் தசை இருக்கிறது என்று தெரிந்தது.

ஜனவரி 28, ஞாயிறு

ஸ்னெஜானாவுக்குத் தெரிந்துவிட்டது. வியர்வைச் சட்டையைத் துவைக்கப் போட்டதுதான் தவறு.

"உடம்பக் கட்டாக்குறியா? யாருக்காக?"

"எனக்காகத்தான்."

"உனக்காக நான் நாலு மாசம் உன்னத் திருப்பிப் போட்டேன் லியூபென். இன்னொரு தடவை என்னால முடியாது. டாக்டர் சொன்னத மறந்துட்டியா?"

"கட்டை மட்டும்தான் பிடிக்கிறேன். துடைப்பக் கட்டை."

"அப்ப வீட்டுலயே துடைப்பத்தப் பிடி. அதுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?"

கடைசியில், "உனக்குச் சொல்லித் தர்ற அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்த பேசணும்" என்றாள். இருவரும் சந்திக்கவே கூடாது. "அவ ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

இன்று முதல் எடை. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, எட்டு கிலோ. தரையில் கிடந்தது. குனிந்தேன். கைப்பிடியைப் பிடித்தேன். அவ்வளவுதான், கை வியர்த்து, காதுக்குள் அந்த ஈரத் துணி கிழியும் சத்தம்.

"வலிக்குதா?" என்றாள் ஸோரா.

"ஆமா."

"எங்க? விரல வெச்சுக் காட்டுங்க."

விரலை இடுப்பில் வைத்தேன். அங்கே இல்லை. கொஞ்சம் இடப்பக்கம் வைத்தேன். அங்கேயும் இல்லை. என் முதுகு முழுவதும் விரலால் தேடிப் பார்த்துவிட்டேன். வலியைக் காணவில்லை.

"அது வலி இல்லண்ணே" என்றாள். கிண்டல் செய்யவில்லை. குண்டை எடுத்து ஒரு பெட்டி மேல் உயரமாக வைத்தாள். "இங்கேருந்து எடுங்க. சும்மா எடுத்து, வெச்சிட்டு, வீட்டுக்குப் போங்க."

எடுத்தேன். வைத்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் கண் கலங்கியது. குளிர்காற்று. குளிர்காற்றுதான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பன்னிரண்டு கிலோ, தரையிலிருந்து. சத்தம் ஏதுமில்லை.

ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். காகிதம் இழுப்பறையிலேயே இருக்கட்டும். கோடை வரட்டும். ஒரு நாள் ஸ்னெஜானா எங்கள் கட்டடத்து நிலவறையிலிருந்து மூட்டையோடு வரும்போது நான் படியிறங்கிப் போய், ஒரு வார்த்தையும் பேசாமல், அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவேன். அவள் அப்படியே வாயடைத்து நிற்பாள். பயிற்சியால் குணமாகிவிட்டது என்பேன். ஸோராவுக்குப் பேர். எனக்குப் பெருமை. யாருக்கும் நஷ்டமில்லை.

படியில் கமென் எதிரே வந்தான். "எப்படிடா இருக்கு முதுகு?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டுத் தன் தோட்டத்துத் தேன் ஒரு பாட்டில் கொடுத்தான். அடுப்பு நாளிலிருந்து தேன், தக்காளி, வீட்டில் காய்ச்சிய ராக்கியா சாராயம் என்று வந்துகொண்டே இருக்கிறது. "பரவால்லடா" என்று இடுப்பைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பிடித்தது நானில்லை, கை தானாகப் போய்விட்டது.

மார்ச் 1, வெள்ளி

காலையில் ஸ்னெஜானா என் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக மார்ச் நூலைக் கட்டிவிட்டாள். வருடா வருடம் சொல்வதுதான்: "நோய் நொடி இல்லாம இரு." பிறகு, "உன் முதுகுக்கும் சேத்துத்தான்" என்று என் இடுப்பில் தட்டினாள்.

இன்றைக்கே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். "என்ன?" என்றாள். "காபி இருக்கா?" என்றேன்.

மார்ச் 14, வியாழன்

இருபத்து நான்கு கிலோ! ஸோரா என் தோளில் ஓர் அறை விட்டாள். அதுதான் இன்றைக்கு உண்மையில் வலித்தது.

மேல்கையில் ஒரு தசை வந்திருக்கிறது. குளியலறை விளக்குக்குக் கீழே, இடப்பக்கம் திரும்பி, மூச்சைப் பிடித்தால் தெரியும். மற்ற நேரத்தில் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பிற்பகல் நான் வீட்டில் தனியாக இருந்தேன். ஸ்னெஜானா ஐந்து மணிக்குத்தான் வருவாள். அந்த அதிசயத்தை ஒத்திகை பார்க்கலாம் என்று நிலவறைக்குப் போனேன். மூட்டையைச் சொல்லித் தந்தபடி எடுத்தேன், தோளில் போட்டேன், ஏறினேன். முதல் மாடி. இரண்டாவது. முதுகு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பாட்டு வந்துவிட்டது, சத்தமாகவே பாடினேன்.

மேலே கதவு திறந்தது. வண்டி பழுதாகி அவளைச் சீக்கிரம் அனுப்பியிருக்கிறார்கள். நான் கீழே இருந்தபோது வந்திருக்கிறாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"லியூபென்! வெய்யி! கீழ வெய்யி! ஐயோ, கீழ வெய்யி!"

"ஒண்ணும் இல்ல ஸ்னெஜா, பாரு, நான்..."

அவள் கேட்கவில்லை. செருப்பில்லாமல் ஓடி வந்தாள். என் தோளிலிருந்த மூட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. காட்டவேண்டுமென்று பிடித்துக்கொண்டிருந்தேன், மடையன். அவள் வலது கை மேலே நீட்டியபடி இருந்தது. மூட்டை சரிந்தது. முழுப் பாரமும் அந்தக் கை மேல்.

கத்தவில்லை. "ஹா" என்று மட்டும் சொன்னாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டை உடைந்து மூன்று மாடிக்கும் உருண்டைகள் சிதறி ஓடின.

ஆஸ்பத்திரியில் தோள் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார்கள். ஏற்கெனவே நைந்துபோய் இருந்ததாம். "ரொம்ப வருஷமா பாரம் தூக்குறீங்களா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள், "வீடுன்னா அப்படித்தானே" என்றாள். ஐந்து மாதமாவது வண்டி ஓட்டக் கூடாது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. என் பக்கம் திரும்பி என்ன கேட்டாள் தெரியுமா?

"உன் முதுகு எப்படி இருக்கு? ஒண்ணும் ஆகலயே?"

மார்ச் 20, புதன்

இன்றும் சொல்லவில்லை. எழுதுவதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன். காகிதத்தை மேசை மேல் வைத்தேன். அவளால் இடது கையால்தான் எடுக்க முடிந்தது. இரண்டு முறை படித்தாள்.

நான் ஏதேதோ பேசினேன். பயம், அந்தச் சத்தம், டாக்டர் பனியைப் பற்றிச் சொன்னது வரை. பேசப் பேச என் குரலே எனக்குச் சகிக்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"பத்தொம்பதுன்னா, எங்கம்மா நம்மகூட வந்து இருக்கிறதுக்கு முன்னாடி?"

"ஆமா."

"முன்னாடி."

பிறகு அமைதியாகச் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை.

"வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு, ஒரு வருஷம். நானும் கமெனும் அம்மாவ நாற்காலியில வெச்சு நாலு மாடி இறக்குவோம், ஏத்துவோம். நீ முன்னாடி போய்க் கதவப் பிடிச்சுக்குவ. அம்மாவோட கோட்டப் பிடிச்சுக்குவ. ஒரு நாள் என் கை வழுக்கி நாற்காலி சாஞ்சுது. நீ பிடிக்க வந்த. அம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. 'நீ தொடாதப்பா லியூபென், உனக்கு ஆகாது' என்றார்கள். சாய்ந்துகொண்டிருந்த நாற்காலியில் இருந்துகொண்டு. நான் தொடவில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

இதைத்தான் 'எல்லாவற்றையும் எழுத வேண்டாம்' என்று ஜனவரியில் எழுதினேன்.

மார்ச் 24, ஞாயிறு

சிலிஸ்த்ரா ஊருக்கு, தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் நிலையம் வரை பெட்டியை நான் தூக்கி வந்தேன். நான் தூக்குவதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வந்தாள், முழு வழியும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கூடத்துக்குப் போகவில்லை, இரண்டு வாரமாக. எந்த முகத்தோடு போவது? மனைவியின் தோளைக் கிழித்துவிட்டு என் தோளை அழகாக்கவா?

ஸோரா போன் செய்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"அண்ணே, நீங்க பண்ணினது ரொம்ப அசிங்கம்" என்றாள்.

"தெரியும்."

"ஆனா அதப் பண்ணினது முதுகு இல்ல. அஞ்சு வருஷம் அது மேல பழியப் போட்டாச்சு. இப்பத் திரும்பவும் அதுக்கே தண்டனையா? வியாழக்கிழம ஆறு மணி. வரலன்னா வீட்டுக்கு வருவேன்."

கூச்ச சுபாவமாம். நான் சொன்னதில் அதுவும் பொய்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கமெனிடமும் சொன்னேன். அவன் வீட்டு வாசலில், நின்றபடியே. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அஞ்சு வருஷமா?" என்றான். "யோவ், அந்த அடுப்ப நான்தானே உன்கிட்டக் குடுத்தேன். ஒருத்தன முடமாக்கிட்டோமேன்னு... என் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொன்னதில்ல, அந்தப் படியில இன்னிக்கு வரைக்கும் கால் வெக்காமத் தாண்டித்தான் போவேன். நீ சந்தோஷமா தேனை நக்கிட்டு இருந்திருக்க!"

கதவைச் சாத்திவிட்டான். அரை நிமிடத்தில் மறுபடி திறந்தான்.

"ராக்கியா பாட்டில் காலியா இருந்தா திருப்பிக் கொடு. நிரம்பியிருந்தாலும் திருப்பிக் கொடு."

மூன்று பாட்டிலையும் ஒரே நடையில் கொண்டுபோய் வைத்தேன். வாங்கிக்கொண்டு என் கையைப் பார்த்தான். "சதை வேற போட்டிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வீட்டில் நான் மட்டும். துணி, குப்பை, மூட்டை, தண்ணீர் எல்லாம் நானே. பார்க்க ஒருவருமில்லை. ஒரு வீட்டுக்குள் ஒரு வாரத்தில் இவ்வளவு பாரம் ஏறி இறங்குகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் ஏதோ உருளைக்கிழங்கு தானாக மாடியேறி வருகிறது என்பதுபோல் வாழ்ந்திருக்கிறேன்.

மே 4, சனி

நாளை ஈஸ்டர். ஸ்னெஜானா வந்துவிட்டாள். சொல்லிவிட்டு வரவில்லை. மதியம் கதவைத் திறந்தால் நிற்கிறாள், கை தூளியில்.

பண்டிகைக்காக நான் சாயம் தோய்த்து வைத்திருந்த முட்டைகளைப் பார்த்தாள். சிவப்பு என்று நினைத்துச் செய்தது பழுப்பாக வந்திருந்தது. "முட்டைக்கு என்ன, காமாலையா?" என்றாள். ஆறு வாரத்தில் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத" என்பது இரண்டாவது. "தங்கச்சி வீட்டுக்காரன் குறட்டை தாங்கல."

அவள் நடு அறை சோபாவில் படுப்பதாகச் சொன்னாள். நான் சோபாவுக்குப் போனேன்.

மே 23, வியாழன்

தோளுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "அந்தக் கூச்ச சுபாவம் எங்க இருக்கா?" என்று அவளே கேட்டாள். அழைத்துப் போனேன்.

நான் இத்தனை நாள் பயந்த சந்திப்பு. இரண்டு பேரும் கை குலுக்கினார்கள், இடது கையால். பிறகு என்னை ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டு அரை மணி நேரம் பேசினார்கள். நடுநடுவே இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு முறை ஸ்னெஜானா சிரித்தாள். எதைச் சொல்லிச் சிரித்தாள் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. மூலையில் செத்த வண்டு செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது.

ஜூன் 22, சனி

மூத்தோர் நினைவு நாள். மாமியாரின் கல்லறைக்குப் போனோம். ஸ்னெஜானா வேகவைத்த கோதுமையும் பூவும் கொண்டுவந்திருந்தாள். கல்லில் பாசி.

"தண்ணி எடுத்துட்டு வா" என்றாள்.

குழாய் நுழைவாயிலில் இருக்கிறது, நல்ல தூரம். இரண்டு கேன். ஊற்றித் தேய்த்தேன், மறுபடி போனேன். கல் வெளுத்த பிறகும் போனேன். பக்கத்துக் கல்லறை, அதற்கடுத்தது, யாரும் வராதது என்று எல்லாவற்றையும் கழுவினேன். எத்தனை நடை என்று தெரியாது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாமியாரிடம் ஏதாவது சொல்லலாம் என்று ஒவ்வொரு நடையிலும் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது.

கடைசியில் ஸ்னெஜானா என் கையிலிருந்து ஒரு கேனைப் பிடித்தாள்.

"போதும் லியூபென். அவங்க நனைஞ்சிட்டாங்க."

பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் கோதுமை சாப்பிட்டோம்.

ஜூலை 30, செவ்வாய்

ஸோரா அளந்தாள். இடுப்பு நான்கு சென்டிமீட்டர் குறைவு. மேல்கை ஒன்றரை கூட. ஆறரை மாதம். இந்த வேகத்தில் போனால் எழுபத்தைந்து வயதில் நான் பார்க்கச் சுமாராக இருப்பேன்.

ஸ்னெஜானா கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு யாரும் தட்டியதில்லை. நானும் தட்டினேன், எல்லோரும் நிறுத்திய பிறகும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சோபாவின் ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்துவிட்டது. ஸ்னெஜானா அதைப் பார்த்துவிட்டு, "இதுல படுத்தா யாருக்கும் முதுகு போயிடும்" என்றாள். பிறகு உள்ளறைக் கட்டிலில் தன் தலையணையைச் சுவர்ப்பக்கம் தள்ளிப் போட்டாள்.

என் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று ஸ்னெஜானா மறுபடி வண்டி எடுத்தாள். நான் வேலை முடிந்து, சொல்லாமல், சந்தை நிறுத்தத்தில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். ஏறும்போது கண்ணாடியில் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

ரயில் நிலையத் திருப்பத்தில் டப்பென்று சத்தம். விளக்கு அணைந்தது. வண்டி நின்றது. கூரைக் கம்பங்கள் இரண்டும் மின்கம்பியைவிட்டுக் கழன்றுவிட்டன. ஓட்டுபவர் இறங்கிப் போய்ப் பின்னால் தொங்கும் கயிற்றை இழுத்து அவற்றை மறுபடி மாட்ட வேண்டும். நல்ல பலம் வேண்டும். தலைக்கு மேல் கை தூக்க வேண்டும்.

நான் எழுந்துவிட்டேன். அவள் நடுவழியில் வந்துகொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"நான் வேணா..."

"உக்காரு."

உட்கார்ந்தேன். பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தாள். கையுறை மாட்டினாள். கால்களை அகட்டி நின்றாள், ஸோரா சொல்லித் தந்தபடி. கயிற்றை இழுத்தாள். கம்பம் உயர்ந்து, ஆடி, கம்பியைத் தவறவிட்டது. வலது தோள் இன்னும் மெதுவாகத்தான் போகிறது. இரண்டாவது முறையும் தவறியது. என் பக்கத்தில் இருந்த ஓர் ஆள், "யாராவது ஆம்பளை போய் உதவி பண்ணக் கூடாதா?" என்று என்னைப் பார்த்தே சொன்னார். இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தொடை, வயிறு, முதுகு எல்லாம் இறுகி நின்றன. எழாமல் உட்கார்ந்திருப்பதற்கு இத்தனை தசை வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அவங்களால முடியும்" என்றேன் அந்த ஆளிடம்.

மூன்றாவது முறை மாட்டிக்கொண்டது. மற்றதும். வண்டிக்குள் விளக்கு எரிந்தது.

கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. ஓட்டுநர் இருக்கைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"என்ன அப்படிப் பாக்குற? டிக்கெட் எடுத்தியா?"

எடுக்கவில்லை.